பக்கத்து வீட்டு வைஃபை: பதிவேட்டில் நிற்பது யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடி இழை இணைப்பு இன்று சிற்றூர்வரை வந்துவிட்டது. நேற்றுவரை கேபிள் டி.வி. கொடுத்தவரே இன்று இணையமும் கொடுக்கிறார். குடியிருப்புத் தெரு ஒன்றில் நின்று கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் வரிசையாகப் பெயர்கள் வந்து விழுகின்றன. அவற்றில் பூட்டுப் படம் இல்லாத ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படுகின்றன. "பக்கத்து வீட்டு வைஃபை ஓபனாகத்தானே கிடக்கிறது, போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது, யாராவது கொஞ்சம் பயன்படுத்தினால் பயன்படுத்தட்டுமே" என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறான பேச்சு. ஏன் தவறு, எதைச் செய்தால் போதும், எதைச் செய்வது வீண் என்பதை வீட்டு இணைய இணைப்புப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அது புறப்பட்ட இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, நவி மும்பையில் சான்பாடா பகுதி அடுக்குமாடி வீடு ஒன்றின் கதவைத் தட்டியது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவரிடம் விசாரணை நடந்தது. அவருடைய கணினிகள் சோதனைக்கு எடுத்துச் செல்லப்பட்டன. வெளியே இருந்த யாரோ அவர் வீட்டு வைஃபை வழியாக அந்த மின்னஞ்சலை அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெளிவானது. அடுத்த மாதம் இதே போல் இன்னொரு மின்னஞ்சல் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்து போனது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை பயன்பட்டது. 2009 தொடக்கத்தில் மும்பைக் காவலர்கள் பூட்டாத வைஃபையைத் தேடித் தெருவில் இறங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பொது இடங்களில் வைஃபை தருவோர் பயனரின் அடையாளத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ரயில் நிலையத்து வைஃபை இன்று ஓடிபி கேட்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் பெயர் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பத்துக் கருவிகள் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது மோடத்துக்குக் கிடைத்த ஒரே ஐபி முகவரிதான். இப்போது பல நிறுவனங்கள் ஒரு பொது முகவரியை நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஆனாலும் எந்த நேரத்தில், எந்த போர்ட் எண்ணில் (ஒரே முகவரியைப் பகிர்வோரைப் பிரித்துக் காட்டும் எண்), எந்தச் சந்தாதாரர் என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். இருந்தே ஆக வேண்டும், அது உரிம நிபந்தனை. அந்தப் பதிவில் வருவது கட்டணம் கட்டுகிறவரின் பெயர். சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவரின் பெயர் அதில் வராது. வீட்டு மோடமோ யார் யார் இணைந்தார்கள் என்ற குறிப்பைக் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் பெரும்பாலும் அதுவும் அழிந்துவிடும். "நான் இல்லை" என்று சொல்ல வேண்டிய நாளில் வீட்டுக்காரர் கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது. குண்டு மிரட்டல்தான் வேண்டும் என்பதில்லை. போலிக் கணக்கிலிருந்து ஒரு பெண்ணுக்கு அனுப்பிய ஆபாசச் செய்தி, குழந்தைகள் தொடர்பான தடைசெய்யப்பட்ட படங்கள், ஆன்லைன் பண மோசடி என எதுவானாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது அந்த வாசலில்தான்.

கேட்காமல் பயன்படுத்துவோருக்கும் சட்டம் ஒன்று சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி வலைப்பின்னலுக்குள் நுழைவதை இழப்பீட்டுக்கு உரிய செயலாக வைக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே கேள்வி அனுமதி இருந்ததா என்பதுதான். கடவுச்சொல் போடவில்லை என்பது அனுமதி ஆகிவிடாது. வாசல் திறந்திருக்கும் வீட்டுக்குள் கேட்காமல் போய் உட்கார்ந்துகொள்வதை நாம் யாரும் சரி என்று சொல்வதில்லை.

இன்னொரு நஷ்டம் பலருக்குப் புரிவதில்லை. "100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டிருக்கிறேன், டி.வி. சுற்றிக்கொண்டே நிற்கிறது" என்ற புகார் வரும். வைஃபையில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். இரண்டு சுவருக்கு அப்பால், சிக்னல் விளிம்பில் இருக்கும் கைப்பேசி மிகக் குறைந்த வேகத்தில் பேசும். அது ஒரே ஒரு வீடியோவைப் பார்த்தாலும், அருகில் இருக்கும் கருவி எடுத்துக்கொள்வதைப் போலப் பல மடங்கு நேரத்துக்குக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டேட்டா போவது கொஞ்சம்தான் என்றாலும் வீட்டுக்குள் எல்லாமே தடுமாறும்.

பக்கத்து வீட்டு வைஃபையைக் கடன் வாங்கியவர் பாடும் பாதுகாப்பானது அல்ல. இங்கே பழைய பயத்தையும் இன்றைய ஆபத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூட்டாத வைஃபையில் காற்றில் போகும் தரவுப் பொட்டலங்களுக்கு மறைகுறியீடு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம், கிடையாது. அருகில் இருக்கும் எவரும் பிடித்துப் படிக்கலாம். 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சிறிய மென்பொருள் வெளிவந்தபோது, அதே வைஃபையில் இருந்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் இரண்டு கிளிக்கில் நுழைய முடிந்தது. அன்று பெரும்பாலான தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றவற்றைத் திறந்தே வைத்திருந்தன. இன்று வங்கிச் செயலி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் தமக்கென்று தனியாகக் குறியாக்கம் செய்துகொள்கின்றன. ஆகவே திறந்த வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்த மறுகணமே பணம் போய்விடும் என்று பயமுறுத்துவது சரியல்ல.

ஆபத்து இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்ற பெயர்ப் பட்டியல் இன்னும் பெரும்பாலும் வெளியே தெரிகிறது. தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் வேலை யார் கையில் இருக்கிறது என்பதை அந்த மோடத்தின் உரிமையாளர் தீர்மானிக்கிறார். அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்தால் உங்களை வேறு பக்கத்துக்குத் திருப்ப முயல முடியும். "இலவச வைஃபைக்கு கூகுள் கணக்கில் உள்நுழையவும்" என்று ஒரு பக்கம் வரும். அங்கே நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவீர்கள். "இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை" என்று பிரௌசர் எச்சரிக்கும்போது "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்துகிறவரை எந்தக் குறியாக்கமும் காப்பாற்றாது. அதோடு, ஒருமுறை இணைந்த திறந்த வைஃபையின் பெயரைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறொருவர் வேறொரு இடத்தில் வைஃபை பரப்பினால், கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். சேமித்த பட்டியலில் பூட்டில்லாத பெயர்கள் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளில் இருக்கும், தளப் பெயர்த் தேடலைக் குறியாக்கம் செய்யும் "ப்ரைவேட் டிஎன்எஸ்" வசதியை இயக்கி வைப்பதும் நல்லது.

மோடம் பொருத்தும்போதே பாஸ்வேர்டு போட்டுத்தானே கொடுக்கிறார்கள், பிறகு எப்படித் திறந்து கிடக்கிறது என்று கேட்கலாம். நாங்கள் காணும் காரணங்கள் சில. மோடத்தின் பின்னால் உள்ள சிறு துளையில் குச்சியை விட்டு யாராவது பத்து விநாடி அழுத்தியிருப்பார்கள்; எல்லாம் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புக்குத் திரும்பும், சில மாடல்களில் பூட்டில்லாமலே திரும்பும். இரட்டை அலைவரிசை மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரை மறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது தெரியாமல் நடப்பது இது. பல மோடங்களில் நான்கு வைஃபை பெயர்கள்வரை வைக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பெயர்கள் இயங்கிக்கொண்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மாடி அறைக்கு எட்டவில்லை என்று வாங்கிச் செருகிய மலிவான ரிப்பீட்டர், மோடத்தின் பூட்டைத் தான் பின்பற்றாமல் தன் பெயரில் திறந்த வைஃபையைப் பரப்பிக்கொண்டிருக்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். வைஃபை பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா போன்றவையும் முதன்முறை பொருத்துவதற்காக ஒரு திறந்த பெயரைப் பரப்பும். அமைத்து முடித்ததும் அதை அணைக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை. மொத்தம் அரை மணி நேர வேலை. முடிந்தால் கணினியை லேன் கம்பியில் மோடத்தோடு இணைத்துச் செய்யுங்கள். வைஃபையில் இருந்தபடி மாற்றினால் பாதியில் தொடர்பு அறுந்து, மாறியதா இல்லையா என்று குழம்ப நேரும். கைப்பேசியில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் "கேட்வே" என்று ஒரு முகவரி தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, சில நிறுவனங்களின் மோடத்தில் 192.168.29.1. அதை பிரௌசரில் அடித்தால் உள்நுழையும் பக்கம் வரும். பெயரும் கடவுச்சொல்லும் மோடத்தின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் மாற்ற வேண்டியது இந்த நிர்வாகக் கடவுச்சொல்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இதை "அட்மின், அட்மின்" என்றே விட்டுவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. உள்ளே வந்துவிட்ட எவரும் இதைக் கொண்டு டிஎன்எஸ்ஸை மாற்றிவிடலாம், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு வழி திறந்துவிடலாம். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் (வைஃபை பரப்பும் மோடம் போன்ற கருவிகள்) வளைத்துப் போட்டது. அதன் கையில் இருந்த ஆயுதம் இப்படிப்பட்ட ஆலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கும் சற்று மேலான ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

பிறகு வைஃபை பகுதிக்குப் போங்கள். 2.4, 5 இரண்டிலும் பாதுகாப்பு முறையை "டபிள்யூபிஏ2 பிஎஸ்கே, ஏஇஎஸ்" என்று வையுங்கள். மோடத்தில் அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் "டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு". டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டி.வி., பழைய கைப்பேசி, மலிவான கேமரா பலவும் இணையாது. அப்போது வீட்டில் யாராவது பொறுமை இழந்து பூட்டையே எடுத்துவிடுவார்கள். "டிகேஐபி" என்ற சொல் வரும் தேர்வு எதையும் தொட வேண்டாம். அது பழைய முறை. அதை வைத்தால் இணைப்பின் வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. "டபிள்யூஇபி" அதற்கும் முந்தைய பூட்டு முறை, 1997-இல் வந்தது. 2001-லேயே அதன் ஓட்டையைக் கணிதமாக நிறுவிவிட்டார்கள். 2007-க்குள் ஒரு நிமிடத்தில் உடைக்கும் அளவுக்குப் போய்விட்டது. அது மட்டும்தான் முடியும் என்கிற பழைய ரூட்டர் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதே வழி.

அடுத்து, பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கும் "டபிள்யூபிஎஸ்" என்ற பொத்தான் வசதியை அணையுங்கள். அதில் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முந்தைய ஏழிலிருந்து கணக்கிடப்படுவது; அதோடு முதல் நான்கு இலக்கம் சரியா என்பதை ரூட்டர் தனியாகவே சொல்லிவிடும். ஆக, முதல் பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சி போதும். 2011 டிசம்பரில் இது வெளியானது. உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த வழியாக வருகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. தொடர்ந்து தவறினால் தடுத்து நிறுத்தும் வசதி புதிய கருவிகளில் உண்டு, ஆனாலும் தேவையில்லாத கதவு எதற்கு?

வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய வழி), பயன்படாத கூடுதல் வைஃபை பெயர்கள் ஆகியவற்றையும் அணைத்துவிடுங்கள். இறுதியில் ஒன்று: சில மோடங்களில் "அப்ளை" அழுத்தினால் மட்டும் மாற்றம் நிலைக்காது. "கமிட்" அல்லது "சேவ் அண்ட் ரீபூட்" என்று தனியாக ஒன்று இருக்கும். அதை அழுத்தாமல் விட்டால் அடுத்த மின்வெட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "போன வாரம்தான் பாஸ்வேர்டு போட்டேன், தானாகப் போய்விட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அதனால் மாற்றி முடித்ததும் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, கைப்பேசியில் பழைய பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாக இணைத்துப் பாருங்கள். இரண்டு அலைவரிசையிலும் பூட்டுப் படம் வந்தால்தான் வேலை முடிந்தது.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வைஃபை பாஸ்வேர்டு என்றால் பெரும்பாலும் கைப்பேசி எண்தான். உங்கள் கைப்பேசி மோடத்தோடு கைகுலுக்கும், அதாவது பாஸ்வேர்டைச் சரிபார்த்துக்கொண்டு இணையும், அந்த ஒரு கணத்தை வெளியே இருப்பவர் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். பிறகு அவர் உங்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை; தன் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அங்கே கிடையாது. கேம் விளையாட வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் முயற்சியாவது செய்யும். நம் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்குபவை. மொத்த வாய்ப்பு 400 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், நாட்டில் இருக்கக்கூடிய எல்லா எண்களும் முடிந்துவிடும். எட்டு இலக்கப் பிறந்த தேதிக்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

இதற்கு மாற்றாக, நினைவில் நிற்கும் நீளமான ஒன்றைச் சொல்கிறோம். தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த பெயர்ச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி, பரிசல், சுண்டல், தாழ்ப்பாள், குருவி என்பது போல. அவற்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் பாஸ்வேர்டு தயார். இந்த ஐந்தையே எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்ந்தெடுக்கக்கூடிய சொற்கள் 2,000 என்று வைத்தாலும், நான்கு சொல்லுக்கு 16 லட்சம் கோடி வாய்ப்பு. மேலே சொன்ன கார்டுக்கு ஆறு மாதம் பிடிக்கும். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அந்த ஆறு மாதம் ஆயிரம் ஆண்டாகிறது. டபிள்யூபிஏ2-இல் 8 முதல் 63 எழுத்துவரை இடம் இருக்கிறது, தாராளமாக எழுதுங்கள். பாட்டு வரியும் பழமொழியும் வேண்டாம்; நமக்குத் தெரிந்த பாட்டு அடுத்தவருக்கும் தெரியும்.

வைஃபை பெயரில் கதவு எண்ணையும் வீட்டுக்காரர் பெயரையும் வைப்பதைத் தவிர்க்கலாம். ஆலையில் வைத்த பெயரையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டைச் சோதிக்கும் கணக்கில் வைஃபை பெயரும் சேர்ந்தே கலக்கிறது, ஆயிரம் வீட்டில் இருக்கும் பொதுப் பெயருக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள முடியும். விருப்பமானால் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பெயருக்கு 32 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், கொம்புக்கும் தனித்தனியாக மூன்று பைட் போகும். "முருகன்" 21 பைட், இடம் போதும். "கிருஷ்ணமூர்த்தி" நுழையாது.

வீணான காவல்கள் இரண்டு. ஒன்று, வைஃபை பெயரை மறைத்து வைப்பது. மோடம் பெயரைச் சொல்லாவிட்டாலும், வீட்டுக் கைப்பேசி இணையும்போது அதுவே பெயரைக் காற்றில் சொல்லிவிடுகிறது. போதாததற்கு மறைத்த பெயரைத் தேடி வெளியூரிலும் கூவிக்கொண்டே போகும். மற்றொன்று, குறிப்பிட்ட கருவிகளின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் அனுமதிப்பது. மேக் முகவரி மறைகுறியீடு இல்லாமலே காற்றில் போகிறது. பார்த்து நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகளே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுவதால் உங்கள் வீட்டுக் கருவியே வெளியே நிற்க நேரும். இதே காரணத்தால், மோடத்தின் இணைப்புப் பட்டியலில் தெரியாத பெயர் ஒன்றைக் கண்டவுடன் பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். டி.வி. பெட்டி, இன்வெர்ட்டர், பேரப்பிள்ளையின் பழைய டேப் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும்.

பகிரவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அடுத்த வீட்டார் இணையம் கொடுப்பது நல்ல காரியம்தான். கேட்டு வாங்குங்கள், கொடுப்பவர் முறையாகக் கொடுங்கள். அதற்குத்தான் மோடத்தில் "கெஸ்ட் நெட்வொர்க்" இருக்கிறது. வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. அதில் வருபவருக்கு இணையம் மட்டும் கிடைக்கும், உங்கள் கேமராவும் பிரிண்டரும் பகிர்ந்த கோப்புகளும் தெரியாது. இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் "ஏபி ஐசொலேஷன்" என்ற தேர்வு இருந்தால் அதையும் இயக்குங்கள். முதன்மைப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் என்ன கேடு என்றால், டபிள்யூபிஏ2-இல் பாஸ்வேர்டு தெரிந்தவர், மற்றவர் கருவி இணையும் கணத்தைப் பிடித்துவிட்டால் அந்தக் கருவியின் போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். டபிள்யூபிஏ3 அதை அடைத்திருக்கிறது. மாடிக் குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். மாதக் கட்டணத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. சந்தா நிபந்தனைகள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மெஸ், தேநீர்க் கடை, கிளினிக் நடத்துவோர் சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். பில் போடும் கணினியும் அதே வைஃபையில் இருக்கும். அவர்களுக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டம் பொருந்தும். கடைக்காரர் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம்; வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பதிவது திட்டத்தில் உள்ள செயலி, ஒருங்கிணைப்பாளர் ஆகியோரின் வேலை. பொறுப்பு கடைக்காரர் தலையில் தனியாக விழாது. இது பலருக்குத் தெரியவே இல்லை.

இணைப்பு தவறாகப் பயன்பட்டதாகத் தெரிந்தாலோ விசாரணை வந்தாலோ, பதற்றத்தில் மோடத்தை ரீசெட் செய்துவிடாதீர்கள், மின்சாரத்தையும் அணைக்காதீர்கள். இணைப்புப் பட்டியலையும் "சிஸ்டம் லாக்" பக்கத்தையும் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஐபி முகவரி மட்டும் காட்டப்பட்டால், போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்துதான் சந்தாதாரரைக் குறிக்க முடியும் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதம் இல்லாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களிடமும் அவர்களின் உள்ளூர் ஆபரேட்டர்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறோம். இவ்வளவையும் வீட்டுக்காரரே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. மோடம் பொருத்த வரும் இளைஞருக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்து விரட்டினால், ஒரு தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டை, அதுவும் ஒன்று முதல் எட்டு வரை, போட்டுவிட்டுத்தான் அவர் ஓடுவார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். பாஸ்வேர்டை வீட்டுக்காரரே தன் கையால் அடிக்கட்டும். இரண்டு அலைவரிசை, நிர்வாகக் கடவுச்சொல், டபிள்யூபிஎஸ் அணைப்பு, கெஸ்ட் பெயர் என நான்கு வரிகள் கொண்ட தமிழ்ச் சீட்டு ஒன்றில் டிக் போட்டு, வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்கிய பிறகே பணி முடிந்ததாகக் கணக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் விலகும்போது திரும்ப வரும் மோடத்தை, பழைய வீட்டின் பெயரும் பாஸ்வேர்டும் அழித்த பிறகே அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மின்கட்டண அட்டை போல, அந்தச் சீட்டு மோடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டு இணைய இணைப்புப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர் சிலர்,
திருச்சிராப்பள்ளி